கூவம்: கரையில் பூங்கா வைப்பதா, குழாயில் கை வைப்பதா?

#1 அமைந்தகரைவாசி

கூவத்தைப் பற்றி இங்கே ஏற்கெனவே பேசித் தீர்த்தாகிவிட்டது என்று தெரியும். ஆனாலும் ஒரு விஷயம் எனக்குப் பிடிபடவே இல்லை, அதனால் புது இழை.

1967-ல் அண்ணா முதல்வராக இருந்தபோது கூவம் சீரமைப்புத் திட்டம் தொடங்கியது. எழுபதுகளில் படகுத்துறை கட்டினார்கள், கொஞ்ச நாள் படகும் ஓடியது. அப்புறம் 2000-ல் சென்னை நகர நதிகள் பாதுகாப்புத் திட்டம், ஏறக்குறைய 720 கோடி ரூபாய். அடையாறு பூங்காவுக்காக 2006-ல் அமைத்த அறக்கட்டளையை 2010-ல் சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளை என்று பெரிதாக்கினார்கள். 2015-ல் கூவத்துக்கென்றே ஒருங்கிணைந்த திட்டம், 604 கோடி.

இப்போது கரையில் வேலி இருக்கிறது, செடி இருக்கிறது, சில இடங்களில் நடைபாதையும் இருக்கிறது. நடைபாதையைக் குறை சொல்ல மாட்டேன், நன்றாகத்தான் போட்டிருக்கிறார்கள். ஆனால் மூக்கைப் பொத்திக்கொண்டு எவ்வளவு தூரம் நடப்பது?

என் கேள்வி ஒன்றுதான். எந்த வேலை முதலில், எது கடைசியில்? ஒவ்வொரு திட்டத்திலும் எல்லாமே பட்டியலில் இருக்கிறது. தூர்வாருதல், கழிவுநீர் தடுப்பு, மறுகுடியமர்வு, பூங்கா, முகத்துவாரம். கண்ணில் படுவது மட்டும் பூங்காவாகவே இருக்கிறதே, ஏன்? எந்த ஆட்சியில் யார் தின்றார்கள் என்ற கதை வேண்டாம், அதற்கு வேறு இழைகள் இருக்கின்றன.

#2 டீக்கடை பெஞ்ச்

பச்சையப்ப முதலியார் கூவத்தில் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போன கதையை யாராவது சீக்கிரம் சொல்லிவிடுங்கள். அது இல்லாமல் கூவம் இழை களைகட்டாது.

#3 ஈரமண்

சொல்லியாகிவிட்டதே, விடுங்கள் :)

அமைந்தகரை அண்ணா, வரிசையைப் பேசுவதற்கு முன்னால் கூவத்தில் ஓடுவது என்ன என்பதைப் பேசியாக வேண்டும். நான் நீரின் தரம் பற்றி ஆய்வு செய்கிறவள், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

கூவம் சுமார் 72 கிலோமீட்டர். திருவள்ளூர் மாவட்டத்தில் கூவம் என்றே ஒரு ஊர் இருக்கிறது. சம்பந்தர் பாடிய திருவிற்கோலம் அதுதான். மேலே, கொசஸ்தலை ஆற்றிலிருந்து கூவம் பிரிகிற கேசாவரம் அணைக்கட்டில் தண்ணீர் பூண்டி ஏரிப் பக்கம் போய்விடுகிறது. கீழே வந்தால் ஜமீன் கொரட்டூர் தடுப்பணை. அங்கிருந்து புதிய பங்காரு கால்வாய் வழியாகத் தண்ணீர் செம்பரம்பாக்கம் ஏரிக்குத் திருப்பப்படுகிறது. இரண்டுமே நமக்குக் குடிநீர் தருகிற ஏரிகள். ஆக, ஆற்றின் நல்ல தண்ணீரை ஊருக்கு வெளியிலேயே எடுத்துக் குழாய் வழியாகக் குடித்துவிட்டு, கழிவை மட்டும் ஆற்றுக்குத் திருப்பிக் கொடுக்கிறோம். ஐப்பசி, கார்த்திகை மழையை விட்டுவிட்டால் ஆவடிக்குக் கீழே கூவத்துக்குச் சொந்தத் தண்ணீர் என்று சொல்லிக்கொள்ள ஏதுமில்லை.

இப்போது எண்கள். தண்ணீரில் இருக்கும் அழுக்கைத் தின்று செரிக்க நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்பதுதான் பி.ஓ.டி. குளிக்கத் தகுந்த ஆறு என்றால் அது லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2022-ல் வெளியிட்ட பட்டியலில் ஆவடியிலிருந்து சத்யா நகர் வரையுள்ள கூவத்துக்கு 345. அந்தப் பட்டியலில் நாட்டிலேயே மோசமான ஆற்றுப் பகுதி அதுதான். வீட்டிலிருந்து நேராக வரும் கழிவுநீருக்கே சாதாரணமாக 200 முதல் 300 வரைதான் இருக்கும்.

பரிசோதனை எப்படி இருக்கும் என்று ஒரு வரி. கரைந்த ஆக்சிஜன் பார்க்க, குப்பியில் தண்ணீர் பிடித்த உடனே அங்கேயே இரண்டு ரசாயனங்களை விட வேண்டும். ஆக்சிஜன் இருந்தால் பழுப்பாகத் திரிந்து அடியில் படியும். இல்லையென்றால் வெள்ளையாகவே நிற்கும். பாலத்துக்குப் பாலம் வெள்ளைக் குப்பியாக அடுக்கிக்கொண்டு வரும்போது அறிக்கை எழுதவே தேவையில்லை என்று தோன்றும்.

நாற்றத்துக்கும் இதுதான் காரணம். அடியில் பல அடிக்குச் சேறு. அதில் ஆக்சிஜன் கிடையாது. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் தண்ணீரிலுள்ள சல்பேட்டைப் பிடித்து ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றுகின்றன. அழுகிய முட்டை நாற்றம் அதுதான். கடல்நீரில் சல்பேட் அதிகம் என்பதால் உப்புநீர் ஏறி வரும் நேப்பியர் பாலம், சிந்தாதிரிப்பேட்டை பக்கங்களில் நாற்றம் தூக்கலாக இருப்பதில் ஆச்சரியமில்லை. கரையில் எத்தனை செடி நட்டாலும் அந்தச் சேற்றுக்கு அது தெரியப்போவதில்லை.

#4 குழாய் மேஸ்திரி

தங்கச்சி சொன்னது படித்தவர்கள் கணக்கு. நான் குழி தோண்டுகிறவன் கணக்கைச் சொல்கிறேன். முப்பது வருடமாக வீட்டு இணைப்பு வேலை.

சென்னையில் தெருவுக்கு அடியில் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று பாதாளச் சாக்கடை, சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போவது. இன்னொன்று மழைநீர் வடிகால், நேராக ஆற்றுக்கோ கால்வாய்க்கோ போவது. இரண்டும் ஒன்றையொன்று தொடவே கூடாது. ஆனால் தொடாத தெருவைக் காட்டினால் எனக்கும் பார்க்க ஆசைதான்.

எப்படி நடக்கிறது? ஒரு தெருவில் முப்பது நாற்பது வருடத்துக்கு முன்னால் தனி வீடுகளாக இருந்தபோது ஆறு இஞ்ச், எட்டு இஞ்ச் குழாய் போட்டிருப்பார்கள். இன்றைக்கு அதே தெருவில் வீட்டுக்கு வீடு அடுக்குமாடி. குழாய் அதேதான். காலை ஏழு மணிக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் குளித்தால் மேன்ஹோல் மூடி தானாகத் தூக்கும். தெருவில் ஓடினால் சண்டை வரும். மூடிக்குப் பக்கத்திலேயே மழைநீர் வடிகால் இருக்கிறது. நடுவில் மூன்றடிக்கு ஒரு பி.வி.சி. குழாயைச் சொருகிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. ராத்திரியில் இரண்டு மணி நேர வேலை. சொருகச் சொல்பவர் சில சமயம் வீட்டுக்காரர், சில சமயம் கட்டியவர். வேறு யாரெல்லாம் என்பதை இங்கே எழுத மாட்டேன்.

மழைக்காலத்தில் இதுவே தலைகீழாக நடக்கும். மொட்டை மாடித் தண்ணீரைச் சாக்கடையில் விட்டுவிடுவார்கள், அது நிறைந்து வீட்டுக் கழிப்பறை வழியாக மேலே வரும்.

இணைப்பே இல்லாத புறநகர்களில் வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க். லாரி வந்து உறிஞ்சும். அந்த லாரி எங்கே கொட்டுகிறது என்று வீட்டுக்காரர் கேட்பதில்லை. சுத்திகரிப்பு நிலையம் வரைக்கும் போனால் டீசல் செலவு, வரிசையில் நிற்க வேண்டும். இருட்டில் ஒரு பாலம் கிடைத்தால் பத்து நிமிஷத்தில் காலி.

#5 சிராங்கூன் ரோடு

மேஸ்திரி அண்ணன் எழுதியதைப் படித்தால் எங்கள் ஊரின் பழைய கதை ஞாபகம் வருகிறது. சிங்கப்பூர் ஆறும் ஒரு காலத்தில் இதே நிறம்தான் என்று என் அப்பா சொல்வார். அவர் தொங்கானில், அதாவது சரக்குப் படகில், மூட்டை ஏற்றி இறக்கியவர்.

1977-ல் லீ குவான் யூ பத்து வருடக் கெடு வைத்தார். சிங்கப்பூர் ஆற்றிலும் காலாங் ஆற்றிலும் மீன் பிடிக்கிற மாதிரி ஆக வேண்டும் என்பது இலக்கு. சுமார் 26,000 குடும்பங்களை இடம் மாற்றினார்கள். 600-க்கு மேல் பன்றிப் பண்ணைகள், 500 வாத்துப் பண்ணைகள் மூடப்பட்டன. தெருவில் சமைத்து விற்ற கிட்டத்தட்ட 5,000 பேரை உணவங்காடி நிலையங்களுக்குள் கொண்டுபோனார்கள். தொங்கான்கள் 1983-ல் பாசிர் பாஞ்சாங்குக்குப் போயின. 1987-ல் வேலை முடிந்தது. ஏறக்குறைய 17 கோடி சிங்கப்பூர் வெள்ளி, இடமாற்ற இழப்பீடு தனி.

கரையோரச் செடிகளும் நடைபாதையும் கடைசிக் கட்டத்தில்தான் வந்தன. முதலில் அழுக்கு எங்கிருந்து வருகிறது என்று பட்டியல் போட்டு ஒவ்வொன்றாக அடைத்தார்கள். சென்னையிலும் மனம் வைத்தால் பத்து வருடம் போதும். கரையில் இருப்பவர்களை அப்புறப்படுத்தத் துணிச்சல் வேண்டும், அவ்வளவுதான்.

#6 ஏழாவது மாடி

அப்புறப்படுத்தியாகிவிட்டது அண்ணா. அந்தத் துணிச்சலுக்கு இங்கே பஞ்சமே இல்லை.

நான் பெரும்பாக்கத்து மறுகுடியமர்வுக் குடியிருப்பிலிருந்து எழுதுகிறேன். நாங்கள் மூன்று தலைமுறையாகக் கூவக்கரையில் இருந்தவர்கள். அந்த 2015 கூவம் திட்டத்தில் மட்டும் கணக்கெடுத்தது சுமார் 14,000 குடும்பங்கள். எங்களை ஏற்றிக்கொண்டு வந்தது பள்ளிக்கூடம் நடக்கும் மாதத்தில். பிள்ளைகள் அரைப் பரீட்சை எழுத இருபது கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் போய் வந்தார்கள். வீட்டு வேலைக்குப் போகிற அம்மாக்கள் எழும்பூரில் காலை ஆறு மணிக்கு இருக்க வேண்டும் என்றால் இங்கிருந்து எத்தனை மணிக்குக் கிளம்புவது? புதுப்பேட்டையில் வண்டி உடைக்கிற வேலை, சிந்தாதிரிப்பேட்டையில் மீன் கழுவுகிற வேலை, எல்லாம் கரையை ஒட்டியே இருந்தது. இங்கே லிஃப்ட் நின்றால் தண்ணீர்க் குடத்தோடு ஏழு மாடி.

சிங்கப்பூரில் கடைக்காரருக்கு உள்ளே ஒரு கடை கொடுத்தார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எங்களில் யாருக்குப் பிழைப்பு கொடுத்தார்கள்? வீடு மட்டும் கொடுத்துவிட்டு அதையும் இதையும் ஒன்று என்று சொல்லாதீர்கள்.

இன்னொரு கேள்வி. எங்களை எடுத்த பிறகு தண்ணீர் எவ்வளவு தெளிந்தது? தெருக் குழாயில் பத்துக் குடம் பிடித்து அதில் சமைத்து, துவைத்து, குளித்த வீடு நாங்கள். பத்துக் குடத்தில் எவ்வளவு சாக்கடை வந்துவிடும்?

#7 ஈரமண்

அக்கா கேட்டது கணக்காகவே சரியாக வருகிறது. பிளாஸ்டிக் குடம் ஒன்றுக்கு 15 லிட்டர் என்று வைத்தால் 150 லிட்டர். ஐந்து பேர் வீடு என்றால் தலைக்கு 30. நகரத்துக் குடிநீர் வழங்கலுக்கு அரசு வைத்திருக்கும் அளவுகோல் தலைக்கு 135. அடுக்குமாடிகளில் ஆழ்குழாய்த் தண்ணீரும் சேர்ந்துகொள்ளும். உள்ளே போகிற தண்ணீர்தான் வெளியே கழிவாக வரும். ஆகையால் ஆற்றுக்குப் போகும் அளவைப் பார்த்தால் குடிசை ஓரத்தில் நிற்கிறது, வடிகால் வழியாக வருவதுதான் பெரும் பங்கு. ஆனால் குடிசை கண்ணுக்குத் தெரிகிறது, மூன்றடிக் குழாய் மண்ணுக்குள் இருக்கிறது.

#8 அமைந்தகரைவாசி

அக்கா, உங்கள் வலி நியாயமானது. ஆனால் ஒரு விஷயத்தைத் தள்ளிவிட முடியவில்லை. 2015 டிசம்பர் 1-ம் தேதி ராத்திரி செம்பரம்பாக்கத்தில் வினாடிக்கு 29,000 கன அடி திறந்தார்கள். அது அடையாறு என்றாலும், அந்த மழையில் கூவமும் கரை புரண்டது. ஆற்றுக்குள்ளேயே வீடு இருந்தால் உயிருக்கு ஆபத்து இல்லையா? இடம் மாற்றுவதே தப்பு என்று சொல்ல வருகிறீர்களா?

#9 ஏழாவது மாடி

தப்பு என்று சொல்லவில்லை. வெள்ளம் வந்தால் முதலில் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடுகிறவர்கள் நாங்கள்தான், எங்களுக்குத் தெரியாதா? கரையிலிருந்து தள்ளி, அதே பேட்டைக்குள் இடம் கொடுங்கள் என்றுதான் கேட்டோம். கொடுத்த இடம் பள்ளிக்கரணைச் சதுப்புக்குப் பக்கத்தில். 2015-லும் இங்கே தண்ணீர், 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீர். ஒரு வெள்ளத்திலிருந்து எடுத்து இன்னொரு வெள்ளத்தில் வைத்தால் அதற்குப் பெயர் பாதுகாப்பா?

அப்புறம், ஆற்றுக்குள் வீடு கூடாது சரி. ஆற்றுக்குள் தூண் மட்டும் கூடுமா?

#10 டீக்கடை பெஞ்ச்

சரியான கேள்வி. மதுரவாயல்–துறைமுகம் பறக்கும் சாலைக்கு 2009-ல் அடிக்கல், 2012-ல் கூவத்தின் ஓட்டத்தைத் தடுக்கிறது என்று நிறுத்தம், நட்ட தூண்கள் வருடக்கணக்காக மொட்டையாக நின்றன. 2022-ல் மறுபடி அடிக்கல், இந்த முறை இரண்டு அடுக்கு. 2012-ல் தடுத்த அதே ஆறு 2022-ல் தடுக்கவில்லை போலும். பக்கிங்காம் கால்வாயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், பறக்கும் ரயில் அதன் முதுகில்தான் நிற்கிறது. 1877-78 பஞ்ச காலத்தில் கூலிக்கு ஆள் வைத்து அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து வெட்டிய பகுதி அது. நூறு வருடம் கழித்து அதிலேயே கான்கிரீட்டை இறக்கினோம்.

#11 ஹான் நதி

சியோலில் வேலையில் இருக்கிறேன். யாராவது சியோங்யேசியோனைக் கொண்டுவருவதற்கு முன்னால் நானே கொண்டுவந்துவிடுகிறேன், ஏனென்றால் பெரும்பாலும் பாதிக் கதைதான் பரவுகிறது.

நகரின் நடுவே ஓடிய ஓடை. போருக்குப் பிறகு கரையெல்லாம் குடிசை, தண்ணீரெல்லாம் சாக்கடை. ஐம்பதுகளின் கடைசியிலிருந்து கான்கிரீட் போட்டு மூடினார்கள், மேலே பறக்கும் சாலையும் கட்டினார்கள். 2003 ஜூலையில் அந்தச் சாலையை இடிக்கத் தொடங்கி 2005 அக்டோபரில் 5.8 கிலோமீட்டர் ஓடையைத் திறந்துவிட்டார்கள். இரண்டேகால் வருடம். அப்போதைய மேயர் லீ மியுங் பாக் பின்னால் அதிபரானதற்கு அந்த ஓடையும் ஒரு காரணம் என்பார்கள்.

மதிய உணவுக்குப் பிறகு நானும் அங்கே காலை நனைத்துக்கொண்டு உட்கார்வதுண்டு. கோடையில் பக்கத்துச் சாலையைவிட உடம்புக்குத் தெரிகிற அளவு குளிர்ச்சி. ஆனால் ஓடுவது ஓடையின் தண்ணீர் இல்லை. பெரும்பகுதி ஹான் ஆற்றிலிருந்து மோட்டார் போட்டு ஏற்றுகிற தண்ணீர், ஒரு நாளைக்கு சுமார் 1,20,000 டன். மோட்டாரை நிறுத்தினால் ஓடை இல்லை. கழிவுநீருக்கு ஓரத்தில் தனிப் பாதை இருக்கிறது. பெருமழை வந்தால் அது நிரம்பி ஓடைக்குள் வந்துவிடும் என்பதால் மக்களை மேலே ஏற்றிவிட்டு வாசலை மூடுகிறார்கள். அங்கிருந்த தெருவோரக் கடைக்காரர்களும் கிளப்பப்பட்டவர்கள்தான். பெரும்பாக்கத்து அக்கா படித்தால் சிரிப்பார்.

இதைச் சொன்னாலும் ஒரு விஷயத்தில் அவர்களுக்குத் தொப்பியைக் கழற்றுவேன். ஆற்றின் மேல் போட்ட சாலையை எடுத்தார்கள். நாம் போடுகிறோம்.

#12 சிராங்கூன் ரோடு

ஏழாவது மாடி அக்காவுக்கு: எங்கள் பக்கத்திலும் எல்லோரும் சந்தோஷமாகப் போகவில்லை. பன்றி வளர்த்தவர்கள் வீவக (அரசு வீடமைப்புக் கழக) அடுக்குவீட்டில் என்ன வளர்ப்பது? அப்பாவுக்குத் தொங்கான் வேலை குறைந்து பிறகு நின்றே போனது. ஆனால் பஸ் இருந்தது, பக்கத்தில் தொழிற்பேட்டை இருந்தது, வேறு வேலை கிடைத்தது. அந்த வேறுபாட்டை நீங்கள் சொன்னது நியாயம். ஊரே சின்னது, எங்கே தூக்கிப் போட்டாலும் ஒரு மணி நேரத்துக்குள் திரும்பி வரலாம் என்பதும் இருக்கிறது.

#13 முகத்துவாரம்

எல்லோரும் மேலேயிருந்து வருகிற தண்ணீரையே பேசுகிறீர்கள். வாய் அடைத்துக் கிடப்பதை யாரும் கேட்கவில்லை.

நம் கடற்கரையில் வருடத்தில் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் கொட்டினார்கள். வடக்கே போக வேண்டிய மணல் அங்கே முட்டி நின்றது. தெற்கே மணல் ஏறி இன்றைக்கு நாம் சுண்டல் தின்கிற மெரினா அகலமானது. வடக்கே மணல் கிடைக்காமல் ராயபுரம், காசிமேடு பக்கம் கடல் ஊரைத் தின்றது. நடுவில் மாட்டிக்கொண்டது கூவத்தின் வாய். மழை வெள்ளம் அடித்துத் திறந்துவிட்டால் கொஞ்ச நாள் திறந்திருக்கும், பிறகு மணல் மேடு வந்து அடைக்கும். பொக்லைன் வைத்து வெட்டுவார்கள், மறுபடி அடைக்கும். மணலைத் தடுக்கக் கடலுக்குள் கல் சுவர் நீட்டி, தூண்டில் வளைவு போட்டுப் பார்த்ததும் உண்டு.

வாய் திறந்திருந்தால் ஏற்றத்தில் கடல் உள்ளே வந்து வற்றத்தில் வெளியே போகும். கொஞ்சமாவது அலசிவிடும். மடவையும் இறாலும் குஞ்சு பொரித்து வளர உள்ளே வரும். அடையாற்று வாயில் என் சித்தப்பா வலை வீசியதை நான் பார்த்திருக்கிறேன். கூவத்தில் அதெல்லாம் எங்கள் தாத்தா சொல்லிக் கேட்டதுதான்.

#14 ஈரமண்

முகத்துவாரம் அண்ணா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். சென்னையில் ஏற்ற வற்றத்துக்கு நடுவே உயர வித்தியாசம் ஒரு மீட்டர் அளவுதான். ஊரும் தட்டை, ஆறும் தட்டை. அதனால் வாயைத் திறந்து வைத்தால் கடலை ஒட்டிய சில கிலோமீட்டர்தான் அலசப்படும். அமைந்தகரைக்கு, மதுரவாயலுக்கு அதனால் லாபமில்லை. வாயும் வேண்டும், ஆனால் வாயால் மட்டும் ஆகாது.

இழையின் கேள்விக்கு வருகிறேன். வரிசை தெரிய வேண்டும் என்றால் நான் சியோலையோ சிங்கப்பூரையோ பார்க்க மாட்டேன், ஜெர்மனியில் எம்ஷர் என்ற ஆற்றைப் பார்ப்பேன். நிலக்கரிச் சுரங்கப் பிரதேசம். சுரங்கத்தால் நிலம் அங்கங்கே இறங்கிக்கொண்டே இருந்ததால் பூமிக்கடியில் சாக்கடை போட முடியவில்லை. ஆற்றையே கான்கிரீட் வாய்க்காலாக்கித் திறந்த சாக்கடையாக விட்டார்கள். சுரங்கங்கள் மூடிய பிறகு, 1992-ல் சீரமைப்பைத் தொடங்கினார்கள். முதலில் சுத்திகரிப்பு நிலையங்கள், பிறகு ஆற்றுக்கு இணையாகப் பூமிக்கடியில் 51 கிலோமீட்டர் கழிவுநீர்க் குழாய், கிளை ஓடைகளுக்கெல்லாம் தனித்தனிக் குழாய். 2021 கடைசியில்தான் ஆற்றில் கழிவு விழுவது முழுதாக நின்றது. முப்பது வருடம், 500 கோடி யூரோவுக்கு மேல். ஒரு பகுதியில் கழிவு நின்ற பிறகே அங்கே கான்கிரீட்டை உடைத்துக் கரையை இளக்கினார்கள். முதல் பல வருட வேலை முழுக்க மண்ணுக்குள். அதைப் பொறுத்துக்கொள்கிற நிர்வாகம் 1899-லிருந்தே இருந்தது, ஆற்றுக்கென்றே உள்ளாட்சிகளும் சுரங்கங்களும் சேர்ந்து அமைத்த கூட்டமைப்பு. தேர்தலுக்குத் தேர்தல் பெயர் மாறாத அமைப்பு.

எதிர்ப்பக்கத்து உதாரணம் அகமதாபாத். சபர்மதி ஆற்றங்கரையைக் கட்டி அழகுபடுத்தி, நர்மதைக் கால்வாய்த் தண்ணீரை விட்டு நிரப்பினார்கள். படம் எடுக்க அருமையான இடம். நான் மேலே சொன்ன 2022 பட்டியலில் கூவத்துக்கு அடுத்த இடம் யாருக்குத் தெரியுமா? சபர்மதிக்கு, 292. அழுக்கு ஊரைத் தாண்டிக் கீழே தள்ளப்பட்டிருக்கிறது, அவ்வளவே.

#15 அமைந்தகரைவாசி

எம்ஷர் பற்றி இப்போதுதான் கேள்விப்படுகிறேன். ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். கழிவை முழுதாக அடைத்துவிட்டால் கூவத்தில் ஓட என்ன மிச்சம் இருக்கும்? நீங்கள்தானே சொந்தத் தண்ணீர் இல்லை என்றீர்கள்?

#16 ஈரமண்

வறண்டுதான் கிடக்கும், அல்லது சுத்திகரித்த தண்ணீர் ஓடும். இங்கேதான் உண்மையான இழுபறி வரப்போகிறது, இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் நாளொன்றுக்கு நாலரைக் கோடி லிட்டர் வீதம் மூன்றாம் நிலை சுத்திகரிப்பு நிலையங்கள் 2019-ல் வந்தன. கழிவுநீரை நன்றாக வடிகட்டித் தொழிற்சாலைகளுக்கு விற்கிறார்கள். கோயம்பேட்டுத் தண்ணீர் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் போகிறது. நல்ல யோசனைதான், அந்த அளவுக்கு ஏரித் தண்ணீர் மிச்சம். ஆனால் நாளைக்கு ஆறு கேட்டால்? ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்குத் தொழிற்சாலை காசு கொடுக்கும், கூவம் கொடுக்காது. ஆற்றுக்கென்று ஒரு பங்கை இப்போதே எழுத்தில் ஒதுக்காவிட்டால் சுத்திகரித்த தண்ணீர் முழுவதும் விலைபோய்விடும். பிறகு சபர்மதி மாதிரி எங்கிருந்தாவது நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றலாமா என்று பேச்சு தொடங்கும்.

என்னைக் கேட்டால் ஆவடிக்கு மேலேயும் ஏதாவது விட வேண்டும். திருவள்ளூர் ஏரிகளின் உபரி, கொரட்டூர் தடுப்பணையைத் தாண்டி வருகிற ஒரு பங்கு. குடிநீர் தட்டுப்பாடு இருக்கிற ஊரில் இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள், தெரிந்தே சொல்கிறேன்.

#17 வைகைக்கரை

மதுரையில் கரையோரச் சுவர் கட்டி ரோடு போட்டு ஆற்றையே குறுக்கிவிட்டார்கள். அழகர் இறங்குகிற நாளுக்கு மட்டும் தண்ணீர். இதைப் பற்றியும் பேசுங்களேன், எப்போதும் சென்னைதானா?

#18 நெறியாளர்

வைகைக்குத் தனி இழை தொடங்கியிருக்கிறேன். வைகைக்கரை நண்பர் அங்கே விரிவாக எழுதினால் நானும் வருகிறேன். இங்கே கூவம் மட்டும்.

#19 ஏழாவது மாடி

ஈரமண் தங்கச்சி, ஒன்று கேட்கட்டுமா? முப்பது வருடம் மண்ணுக்குள் வேலை என்கிறீர்கள். அந்த வேலை முடிந்து கடைசியில் கரை காலியாக அழகாக இருக்கும்போது அங்கே யார் இருப்பார்கள்? எங்கள் வீடு இருந்த இடத்தில் நடைபாதையும் வேலியும் போட்டிருப்பதாகத் தம்பி படம் அனுப்பினான். தண்ணீர் சுத்தமான பிறகு பக்கத்திலேயே உயரமாகக் கட்டிடம் வரும், ஆற்றைப் பார்த்த பால்கனி என்று விளம்பரமும் வரும். வரிசை பேசுகிறவர்கள் இதையும் வரிசையில் எங்காவது எழுதுங்கள்.

#20 ஈரமண்

எழுத வேண்டியதுதான் அக்கா. என்னிடம் இதற்குப் பதில் இல்லை. நீரின் தரத்தை அளக்கிற எந்தப் படிவத்திலும் அதற்குக் கட்டம் கிடையாது.

#21 அமைந்தகரைவாசி

இவ்வளவு பேசிய பிறகு என் பார்வைக்கு வரிசை இப்படித் தெரிகிறது: வடிகாலுக்குள் சொருகிய குழாய்களை அடைப்பது, தெருச் சாக்கடையைப் பெரிதாக்குவது, லாரிகளுக்குப் பக்கத்திலேயே கொட்டுமிடம் கொடுப்பது. அப்புறம் சேற்றை எடுப்பது, வாய். நடைபாதை கடைசி. சேற்றை முதலில் எடுத்தால் இரண்டு மழைக்குள் திரும்பச் சேரும் என்பதுகூட இப்போதுதான் உறைக்கிறது. மறுகுடியமர்வை இந்த வரிசைக்குள் எங்கே வைப்பது என்று இன்னும் தெளியவில்லை. அக்கா சொன்னபடி அதே பேட்டைக்குள் இடம் தேடுவது முதல் நாளே தொடங்க வேண்டிய வேலை என்று நினைக்கிறேன்.

ஆனால் மேஸ்திரி அண்ணே, எல்லாம் உங்கள் மூன்றடிக் குழாயில் வந்து நிற்கிறது. மண்ணுக்குள் இருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? தெருத் தெருவாகத் தோண்டவா முடியும்?

#22 குழாய் மேஸ்திரி

தோண்டவே வேண்டாம் தம்பி. சித்திரை, வைகாசியில் ஆற்றோரம் நடந்தாலே போதும். மழை பெய்து மாதக்கணக்கு ஆகியிருக்கும். மழைநீர் வடிகால் ஆற்றில் விழுகிற வாய் எலும்பு மாதிரி காய்ந்து கிடக்க வேண்டும். எந்த வாயில் தண்ணீர் ஒழுகுகிறதோ அதற்குப் பின்னால் யாரோ சொருகியிருக்கிறார்கள். சோப்பு நுரையும் வெதுவெதுப்பும் இருந்தால் குளியலறைத் தண்ணீர், கரும்பச்சையாக இருந்தால் செப்டிக் டேங்க்.

வாயைக் கண்டுபிடித்த பிறகு மேலே போக வேண்டும். வடிகாலுக்கு அங்கங்கே மூடி இருக்கும். மேலே ஏறிக்கொண்டே ஒவ்வொரு மூடிச் சந்திலும் பார்த்தால், ஒரு மூடியில் ஓடும், அடுத்த மூடியில் காய்ந்திருக்கும். இரண்டுக்கும் நடுவில்தான் ஆள். பெரிய கட்டிடம் என்றால் கழிப்பறையில் சாயத் தூளைக் கரைத்து ஊற்றிப் பார்ப்பார்கள், வடிகாலில் நிறம் வந்தால் கேள்வியே இல்லை. அதற்கு அனுமதி வேண்டும், நீங்கள் செய்யாதீர்கள். எக்காரணம் கொண்டும் மூடியைத் திறந்து உள்ளே யாரையும் இறக்காதீர்கள். தங்கச்சி சொன்ன அந்த முட்டை நாற்றக் காற்று ஆளைச் சத்தம் போடவே விடாது. என்னோடு வேலை செய்தவர்கள் இரண்டு பேரை அப்படிப் பறிகொடுத்திருக்கிறோம்.

#23 அமைந்தகரைவாசி

புரிந்தது அண்ணே. மூடியைத் தொட மாட்டோம், வாய்களை மட்டும் பார்ப்போம். அமைந்தகரைப் பாலத்திலிருந்து சேத்துப்பட்டு வரைக்கும் இருகரையிலும் எத்தனை வாய் இருக்கிறது, எது ஓடுகிறது என்று குறித்துப் படத்தோடு இங்கேயே போடுகிறேன். பட்டியலாக இருந்தால் வார்டு உறுப்பினரிடமும் கொடுக்கலாம். ஈரமண், வாரக் கடைசியில் உங்களால் வர முடியுமா?

#24 ஈரமண்

ஞாயிறு வருகிறேன். குப்பிகளும் கொண்டுவருகிறேன், ஓடுகிற வாய்களில் மாதிரி எடுத்துவிடலாம். கையுறை எல்லோரும் சொந்தமாக வாங்கி வாருங்கள். எத்தனை மணிக்கு?

#25 குழாய் மேஸ்திரி

காலை ஆறரைக்கு நில்லுங்கள். எட்டு மணி தாண்டினால் பாதி வாய்களில் ஓட்டம் குறைந்து சொட்டத் தொடங்கிவிடும், பத்து மணிக்கு மேல் காய்ந்த மாதிரி ஏமாற்றும். ஞாயிறு வேண்டாம், எல்லோரும் லேட்டாகத்தான் குளிப்பார்கள். சனிக்கிழமை வைத்துக்கொள்ளுங்கள், நானும் வருகிறேன்.